அரை மணி கழித்தவர்கள்

2024 பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை, திகன நகருக்கு மேலே உள்ள எங்கள் மஹல்லாவின் மையவாடியில் ஹுஸைன் ஹாஜியார் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவருடைய ஒரே தம்பி ஸாகி, மண் மூடப்பட்ட பின்னரே வந்து சேர்ந்தான். இறுதிக் காரியங்களைக் கவனிக்கும் எங்கள் ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் இணையத்தளம் அவனுக்குப் பிழையான நேரத்தைக் காட்டியது. பிழை செய்தது தளம். பொய்யன் என்று பெயர் எடுத்தவன் ஸாகி. இதுவே என் முறைப்பாடு.

ஓய்வுபெறும் வரை தமிழ் கற்பித்தவன் நான். பிழையும் பொய்யும் ஒன்றல்ல என்று வகுப்பில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அறியாது தவறினால் பிழை. அறிந்து தவறினால் பொய். என்னிடம் படித்த ஊரே இன்று இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசும்போது நான் வாய்மூடி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். இருக்க மாட்டேன்.

ஹுஸைனும் ஸாகியும் ஒரு காலத்தில் திகன கடைவீதியில் ஒரே ஹார்ட்வெயார் கடையை நடத்தினார்கள். கடையைப் பிரிக்கும்போது மனங்களும் பிரிந்தன. பள்ளிவாசலில் பேச்சு நடந்தது. அன்று நான் ஸாகியின் பக்கத்து நியாயத்தைச் சொன்னேன். அதை இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆயினும் பேச்சு முறிந்தது. 2005 இல் ஸாகி கிழக்கே ஓட்டமாவடியில் மணமுடித்து, அவ்வூர் வழக்கப்படி மனைவியின் வீட்டோடு போய்விட்டான். அதன் பின்னர் அண்ணனும் தம்பியும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை. ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் எந்த ஜனாஸாவுக்கும் அவன் வரவில்லை.

ஆனால் ஊரை அவன் விட்டுவிடவில்லை. தினமும் சுபஹுத் தொழுகை முடிந்ததும் எங்கள் சங்கத்தின் தளத்தைத் திறந்து, யார் மௌத்தானார்கள் என்று பார்ப்பானாம். ஊரோடு அவனுக்கு எஞ்சியிருந்த தொடர்பு அந்த ஒரு பக்கந்தான். நானா என்று அவன் அழைத்த அண்ணனின் மரணத்தையும் அவன் அங்கேதான் அறிந்தான். தொலைபேசியில் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. சொல்ல வேண்டாம் என்றான் ஹுஸைனின் மகன் ருஷ்தி.

அந்தத் தளத்தைப் பற்றி இங்கே விளக்க வேண்டும். 2003 ஆம் ஆண்டில், வளைகுடா நாடுகளில் உழைக்கும் எங்கள் பிள்ளைகள் ஊர்ச் செய்தி அறியட்டும் என்று சங்கம் அதைத் தொடங்கியது. அக்காலத்தில் இந்த நாட்டின் கடிகாரம் இன்றைய கடிகாரம் அன்று. மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு 1996 இல் நேரம் முன்னே தள்ளப்பட்டிருந்தது. சிறிது காலத்தில் அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்தார்கள். கிரீன்விச் நேரத்திலிருந்து ஆறு மணித்தியாலம் முன்னே நிற்பது என்று நிலைத்தது. வயதானவர்கள் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுக் கேட்டே அந்த ஆண்டுகளைக் கழித்தார்கள். 2006 ஏப்ரலில் அரை மணியைக் குறைத்து, நாடு மறுபடியும் ஐந்தரை மணித்தியாலத்துக்கு வந்தது. எல்லாரும் சுவர்க் கடிகாரத்தை இறக்கி முள்ளைத் திருப்பினார்கள். தளத்தின் முள்ளை மட்டும் ஒருவரும் திருப்பவில்லை. தளத்தை அமைத்துத் தந்தவர் அதற்குள் கத்தாருக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊர் என்ன செய்தது? அதைத் திருத்தவில்லை, அதற்குப் பழகிக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவின் பின்னர் அப்போதைய செயலாளர் எழுந்து, "சைட்ல காட்டுற நேரத்துல அரை மணி கழிச்சிப் பாருங்க" என்று அறிவித்தார். அவ்வளவுதான். அன்று முதல் சிறியவர் பெரியவர் எல்லாரும் கழிக்கத் தொடங்கினார்கள். ஐந்தரை என்று கண்டால் ஐந்துக்குப் போனார்கள். 2006 இற்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளும் ஏன் என்று கேளாமலே கழித்தார்கள். பதினெட்டு ஆண்டுகளாக ஊரில் ஒருவரும் ஒரு ஜனாஸாவையும் தவறவிடவில்லை. ஆகவே அது பிழை என்பதே மறந்துபோயிற்று.

கழிக்க வேண்டும் என்பதை அறியாதவன் ஒருவனே. அவன் நேரம் மாறுவதற்கு முன்னரே ஊரைவிட்டுப் போனவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தளத்தில், "நல்லடக்கம் மாலை 5.30 மணிக்கு" என்று இருந்தது. உண்மையில் ஐந்து மணி. ஸாகி வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மஹியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவுகளும் ஏறி வந்தான். அருகிலுள்ள தெல்தெனியவில் இறங்கி, நேரம் இருக்கிறது என்ற நினைப்பில் குளித்து உடைமாற்றி, அஸர் தொழுதிருக்கிறான். அண்ணனின் வீட்டுக்குப் போகும் எண்ணம் அவனுக்கு இருக்கவில்லை. தொழுகை வரிசையில் ஒருவனாக நின்று, கபுறில் மூன்று பிடி மண் போட வேண்டும். அவன் கேட்டது அவ்வளவே.

அவன் மையவாடியின் வாசலுக்கு வந்தபோது நாங்கள் வெளியே வந்துகொண்டிருந்தோம். வெள்ளைச் சாரமும் தொப்பியும் அணிந்து, தலைமயிரில் ஈரம் காயாமல் நின்றான். நரைத்திருந்தான். எனக்கே அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று. ருஷ்திக்கு உடனே தெரிந்துவிட்டது.

"மண் மூடி முடிஞ்சி. இப்ப என்னத்துக்கு சாச்சா வந்த?"

ஸாகி விளங்காமல் பார்த்தான். "இன்னம் நேரமீக்கி தானே மகன்? அஞ்சரைக்கிண்டுதானே போட்டீந்திச்சி?"

"எங்க போட்டீந்த?"

"எங்கட சைட்ல."

"எங்கட சைட்டா?" ருஷ்தி சிரித்தான். அழுதழுது களைத்த முகத்தில் அந்தச் சிரிப்பு பார்க்கச் சகிக்கவில்லை. "ஊரே அஞ்சு மணிக்கி வந்தீக்கி. எல்லாரும் அதே சைட்டத்தான் பாத்த. ஒங்களுக்கு மட்டும் வேற சைட்டா? வாப்பாட முகத்தப் பாக்க விருப்பமில்லாட்டி அத நேரா செல்லுங்க. மையவாடி வாசல்ல வந்து பொய் செல்ல வாணாம்."

சுற்றி நின்றவர்களில் ஒருவராவது, "அட, அரை மணி கழிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதே" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்களுக்கு அது தோன்றவே இல்லை. எனக்கும் அந்தக் கணத்தில் தோன்றவில்லை. ஸாகி மெதுவாக உள்ளே போய், புதிய மண்மேட்டின் அருகே நின்று கையேந்தினான். பின்னர் தன் வாடகை வானில் ஏறிப் போய்விட்டான்.

மஃரிபுத் தொழுகைக்குப் பின்னர் வீட்டில் அமர்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஐந்து மணி என்று வாசித்தேன். வாசித்தபின் ஏதோ உறுத்தவே, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அங்கே எழுதியிருந்தது 5.30. என் கண் ஐந்தரையைக் கண்டது. என் மனம் அதை ஐந்தாக்கி எனக்குக் கொடுத்தது. பதினெட்டு ஆண்டுப் பழக்கம் அத்தகையது.

உடனே சங்கத்தின் இன்றைய செயலாளர் நுஸ்கியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"நுஸ்கி, ஸாகி சொன்னது மெய். பக்கத்தில் ஐந்தரை என்றுதான் இருக்கிறது."

"அது எப்பவும் அப்பிடித்தானே சேர். அரை மணி கழிக்கோணும். ஆக்களுக்குத் தெரியும்."

"ஸாகிக்கு எப்படித் தெரியும்?"

"சரி சேர், நான் பாக்குறேன்" என்றார்.

அவர் பார்த்தார். நான் நினைத்த விதத்தில் அல்ல. மறுநாட் காலை நான் ருஷ்தியின் வீட்டுக்குப் போய், அவனை முற்றத்துக்கு அழைத்து, அவனுடைய கைபேசியிலேயே அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். அவன் திறந்தான். பார்த்தான். என்னிடம் நீட்டினான்.

"வாசிங்க சேர்."

நல்லடக்கம் மாலை 5.00 மணிக்கு.

"இப்ப என்ன செல்லுற?" என்றான்.

நான் கைபேசியை அவனிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினேன். விடியற்காலையிலேயே நுஸ்கி தளத்தைப் பராமரிப்பவரிடம் பேசி, அதைத் திருத்துவித்துவிட்டார். பிழை தன் தலையில் விழுந்துவிடும் என்ற பயம். இத்தனை ஆண்டுகள் அசையாத சங்கம், ஒருவனுடைய பெயர் கெட்ட மறுநாள் மின்னலாக இயங்கியது. நேற்று அங்கே வேறு நேரம் இருந்தது என்பதற்கு அடையாளமே இல்லாமற் போயிற்று. எனக்குக் கைபேசியில் படம் பிடித்து வைக்கும் பழக்கம் இல்லை.

தளத்தைப் பராமரிக்கும் லோஜினியின் அலுவலகம் கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு மாடியில் இருக்கிறது. அவர் புசல்லாவையைச் சேர்ந்தவர். பல கடைகளுக்கும் சங்கங்களுக்கும் தளங்களை நடத்திக்கொடுக்கிறார். பஸ்ஸில் கண்டிக்குப் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் எடுத்து, படியேறி மூச்சிரைக்க அவர் முன்னே நின்றேன்.

"உக்காருங்க சேர். தண்ணி குடிங்க மொதல்ல. சண்டைய பொறகு போடலாம்."

"சண்டைக்கு வரவில்லை. அந்த மாற்றத்தை ஏன் செய்தீர்கள் என்று கேட்க வந்தேன்."

"இது நல்லா இருக்கு. ஏன் மாத்தலன்னு கேக்கத்தான் ஆள் வருவாங்க. நீங்க ஏன் மாத்தினீங்கன்னு கேக்குறீங்க." கதிரையை என் பக்கம் தள்ளினார். "இந்தத் தளம் எங்க கைக்கு வந்ததுமே நான் உங்க செயலாளருக்கு எழுதினேன் சேர். நேரம் பிழையாக் காட்டுது, சரி பண்ணட்டுமான்னு. என்ன பதில் வந்துச்சு தெரியுமா? 'ஊர் ஆக்களுக்குத் தெரியும், கை வைக்க வேணாம்'."

பிழை எங்கே என்று காட்டும்படி கேட்டேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டி, நான் விளங்கிக்கொள்ளும் வரை பொறுமையாகச் சொன்னார். செயலாளர் அறிவித்தலை எழுதும் பக்கம் ஒன்று. நாங்கள் வாசிக்கும் பக்கம் வேறொன்று. இடையில் நேரம் கிரீன்விச் கணக்கில் சேமிக்கப்படுகிறது.

"எழுதுற பக்கத்துல நாட்டோட பேர் இருக்கு சேர். ஆசியா, கொழும்புன்னு. பேர் இருந்தா, நாடு நேரத்த மாத்துறப்ப அதுவும் சேந்து மாறிக்கும். காட்டுற பக்கத்துல பேர் இல்ல. 'ஆறு மணித்தியாலம் கூட்டு'ன்னு ஒரு எண்ணு மட்டும் போட்டு வச்சிருக்காங்க. எண்ணுக்கு நாடு மாறினது எப்பிடித் தெரியும்? அது இன்னமும் பழைய காலத்துலயே நின்னுக்கிட்டு இருந்துச்சு."

"இப்போது?"

"அந்த வரிய எடுத்துட்டு, அங்கயும் பேரப் போட்டேன். ஒரே வரி. அஞ்சு நிமிஷ வேல."

"நேற்றைய அறிவித்தலும் ஏன் மாறியது? அது ஏற்கெனவே வெளியானதல்லவா?"

"வெளியானதுன்னு எதுவுமே இல்ல சேர். பத்திரிகைன்னா அச்சடிச்சது அப்பிடியே கிடக்கும். இங்க நீங்க தெறக்குற ஒவ்வொரு தடவையும் அது புதுசாக் கணக்குப் போட்டுக் காட்டுது. வரிய மாத்தினா இன்னைக்குப் போட்டதும் சரி, பத்து வருஷத்துக்கு முந்திப் போட்டதும் சரி, எல்லாம் மாறிடும்."

நான் எதற்காக வந்தேன் என்பதைச் சொன்னேன். மையவாடி வாசலில் நடந்ததையும் சொன்னேன். லோஜினியின் முகம் மாறியது.

"ஐயோ. எனக்கு யாருமே சொல்லலியே சேர். 'அவசரம், இப்பவே மாத்துங்க'ன்னு மட்டுந்தான் சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா அந்தப் பக்கத்த அப்பிடியே எடுத்து வச்சிருப்பேன்." பின்னர், தளத்தின் பிரதியொன்றில் பழைய வரியை மீண்டும் போட்டுக் காட்டினார். ஹுஸைனின் பெயருக்குக் கீழே 5.30 என்று வந்தது. "அவங்க வீட்டுல நானே பேசறேன். போன் போட்டுக் குடுங்க."

ஹுஸைனின் மனைவி றலியா இத்தாவில், கணவனை இழந்த பெண் அந்நிய ஆண்கள் முன் வராதிருக்கும் காலத்தில், இருக்கிறார். அவர் துணித் திரைக்கு அப்பால் இருந்தார். நானும் ருஷ்தியும் இப்பால் அமர்ந்திருந்தோம். லோஜினி தொலைபேசியில் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். ருஷ்தி இல்லை என்று தலையசைத்தான்.

"அவங்களுக்கு ஏலும் சேர், எப்பிடியும் மாத்திக் காட்ட. நேத்து அஞ்சு, இன்டைக்கி அஞ்சரை, நாளைக்கி ஆறு. ஊர்ல ஒரு ஆளாவது அஞ்சரைண்டு கண்டேண்டு செல்லட்டுமே."

"நான் கண்டேன். சொல்கிறேன்."

திரைக்கு அப்பாலிருந்து றலியாவின் குரல் வந்தது. "நீங்க அன்டைக்கும் ஸாகிட பக்கம்தான் சேர் பேசின. இன்டைக்கும் அப்பிடித்தான். கோவிச்சிக்க வாணாம். ஒங்கட பேச்ச மட்டும் வெச்சி நான் மனசத் தேத்திக்கிறது எப்பிடி?"

அவரே தொடர்ந்தார்.

"மனுசன் கடைசி ரெண்டு நாளும் கேட்ட, 'ஸாகி வந்தானா'ண்டு. நான் 'வருவான்'ண்டு செல்லிச் செல்லியே வெச்சீந்தேன். அவன் நேரத்தோட வாறத்துக்குத்தான் பொறப்பட்டாண்டா எனக்கு அது போதும். மகன் என்ன செல்லியும் பரவாயில்ல. நாப்பதாம் நாள் ஓதுற கத்தத்துக்கு அவன நானே கூப்பிட்டு, நானாட எடத்துல இருத்துவேன். ஆனா வேணுமெண்டு சொணங்கி வந்தவன் எண்டா, அந்த மனுசன்ட பேர்ல ஓதுற எடத்துல அவன் இருக்க வாணாம். ஊர்ல ஒரே ஒரு ஆள் வந்து செல்லட்டும் சேர்."

ஒரே ஒருவர். எளிது என்று நினைத்தேன். நூற்றுக்கணக்கானோர் அந்தப் பக்கத்தைப் பார்த்தே மையவாடிக்கு வந்தார்கள். நான் பஹீமின் தேநீர்க் கடையில் தொடங்கினேன்.

"பக்கத்தில் என்ன நேரம் இருந்தது?"

"அஞ்சு மணி சேர்."

"அங்கே எழுதியிருந்த நேரத்தைக் கேட்கிறேன்."

"அதத்தான் சேர் செல்லுற. அஞ்சு மணிண்டு ஈந்திச்சி. நான் இந்தக் கண்ணால பாத்த."

"அரை மணி கழித்தாயா?"

"கழிக்கிறது வழமதானே."

"அப்படியானால் அங்கே ஐந்தரை இருந்திருக்க வேண்டும் அல்லவா?"

பஹீம் கோப்பையைக் கழுவுவதை நிறுத்தி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பின்னர் தலையை ஆட்டினார். "இல்ல சேர். எனக்கு ஞாபகமீக்கி. அஞ்சு மணிதான்."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "சேர் எங்களுக்குத் தமிழ்தானே படிச்சித் தந்த. கழித்தல எங்கள்ட்ட உடுங்க" என்றான் ஒருவன். இன்னொருவன், "சேருக்கு ஸாகிட வான்ல கொமிஷன் ஈக்கோ தெரியா" என்றான்.

அவர்கள் எவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை வதைக்கிறது. பொய் சொல்பவனை மடக்கலாம். கண்டதை மனத்தில் திருத்தி, திருத்தியதையே கண்டதாக நம்புகிறவனை என்ன செய்வது? இப்போது அவர்கள் சந்தேகப்பட்டுத் தளத்தைத் திறந்தாலும், அது அவர்களின் நினைவுக்கே சாட்சி சொல்கிறது. வீடு வீடாகப் போனேன். எங்கும் ஐந்து மணிதான். ஸாகி ஒருவனுக்கு மட்டும் ஐந்தரை.

சங்கம் எழுத்தில் ஏற்றுக்கொள்ளட்டும் என்று நுஸ்கியிடம் போனேன். பெப்ரவரி 12 வரை தளம் அரை மணி கூட்டியே காட்டியது என்று அதே தளத்தில் ஒரு வாக்கியம் இட்டாற் போதும் என்றேன். வாக்கியத்தை நானே அமைத்துத் தருவதாகவும் சொன்னேன்.

"இப்ப எல்லாம் சரிதானே சேர். சரியானதப் போய் ஏன் கிளறுற? சங்கத்துட பேர் கெட்டுப் பெய்த்திரும்."

"ஒரு மனிதனுடைய பெயர் கெட்டுவிட்டதே?"

"கமிட்டிக்கிப் போடுறேன்."

கமிட்டி கூடியது, நோன்புப் பெருநாளுக்குப் பின்னர் ஆராய்வதாகத் தீர்மானித்தது. நாற்பதாம் நாளோ நோன்பின் முதற் பத்திலேயே வந்துவிடுகிறது. இது நுஸ்கிக்கும் தெரியும், கமிட்டிக்கும் தெரியும்.

ஸாகியோடு தொலைபேசியில் பேசினேன். அவன் எவரையும் குறை சொல்லவில்லை. "உடுங்க சேர். ருஷ்தி வாப்பாவப் பறி குடுத்த புள்ள, ஏசத்தான் செய்வான். மண்ணு போடக் கெடைக்கல்ல. மதினிட்ட செல்லுங்க, நான் நேரத்தோட வரத்தான் பொறப்பட்டேண்டு. அது மட்டும் அவக்குத் தெரிஞ்சாப் போதும்." கத்தத்துக்கு அழைத்தால் வருவாயா என்று கேட்டேன். "இந்தத் தரம் முந்தின நாளே வந்துருவேன் சேர்" என்றான்.

றலியாவிடம் அனுமதி பெற்றே இவற்றை எழுதுகிறேன். என் வாக்கு அவருக்குப் போதவில்லை; போதாததற்கு அவர் சொன்ன காரணமும் நியாயமானது. சங்கம் பேசாது. தளம் இனிப் பேசாது. எஞ்சியிருப்பவர் நீங்கள்.

ஆம், இதை வாசிக்கும் எங்கள் ஊரவரே, உங்களைத்தான் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தை நீங்கள் திறந்தீர்கள். கத்தாரிலோ கொழும்பிலோ எங்கள் மஹல்லாவிலோ இருந்து திறந்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்தத் திரையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பழக்கத்தைச் சற்றே தள்ளி வையுங்கள். பின்னர் எழுந்து போங்கள். தொலைவில் இருப்பவராயின் அழையுங்கள். நாற்பதாம் நாளுக்கு முன்னர், றலியாவின் திரைக்கு இப்புறம் நின்று, நீங்கள் கண்ட நேரத்தைச் சொல்லுங்கள். கழித்த நேரத்தை அல்ல.